அமரர் நடேசு ஞாபகார்த்தமாக

2025 யூன் 17, செவ்வாய்க்கிழமை. தனியார் கல்வி நிலையம் ஒன்றின் இணையத் தளத்துக்குள் அனுமதியின்றிப் புகுந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் கைதான இரண்டு இளைஞர்கள் யாழ்ப்பாணத்தில் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டார்கள். ஒருவர் கோப்பாயைச் சேர்ந்த நடேசு தனோஜன், வயது 23. மற்றவர் யாழ்ப்பாண நகரைச் சேர்ந்த முத்தலிப் அஸ்பாக், வயது 24. இருவரும் யூலை முதலாந் திகதி வரை விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, தனோஜனின் அக்கா வசந்தினி வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. அழைத்தவர் கதிரவேலு, அவளுடைய தாயின் தமையன்.

"ஹலோ... ஓம் மாமா... ஓம், ஓம், சொல்லுங்கோ... இல்லை, தோட்டத்துக்கை நிக்கிறன், மோட்டர் சத்தம். கொஞ்சம் பொறுங்கோ... அம்மா! மோட்டரை நிப்பாட்டுங்கோ! மாமா எடுக்கிறார்... ஓம், இப்ப வடிவாக் கேக்குது.

ஓம்... லோயர் அப்பிடிச் சொன்னவரோ?... முதலாந் திகதி பிணை குடுக்கக்கூடும்... ஐயோ, நல்ல காரியம் மாமா. அம்மா ஒரு கிழமையா வாயிலை ஒண்டும் வைக்கேல்லை... ஓம், பிணை நிக்க ரெண்டு பேர் வேணும். ஒராள் அரச உத்தியோகமா இருக்கவேணும், அதுக்கு நீங்கள் இருக்கிறியள். மற்றது பெர்னடெட் அக்கா. எங்கடை கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர்... ஓம், அவவேதான். நான் கேக்க முதலே வாறன் எண்டிட்டா. கிராமத்து விதானையிட்டை வதிவிடக் கடிதமும் எடுத்திட்டா... ஓம்... ஓம்... என்ன? நானோ?

நாளைக்கோ?... பொலிசுக்கு நான் என்னத்துக்கு மாமா?... வீட்டு ஆக்களிட்டையும் வாக்குமூலம் எடுப்பினமோ... சரி, எடுக்கட்டும். கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுவன்... என்ன காய்ச்சல்?... ஆருக்கு?... தம்பிக்கோ?"

தண்ணீர் அடுத்த பாத்திக்குள் உடைத்துக்கொண்டு ஓடியது. வசந்தினி அதைப் பார்த்தாள், ஆனால் மண்வெட்டியை எடுக்கவில்லை.

தளம் உடைபட்ட அன்றைக்குத் தனோஜனுக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. நகரத்தில் முத்தலிப் நடத்துகிற கைபேசி திருத்தும் கடையில் அவன் வேலை பார்த்தான். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கான பாடங்களைப் படம்பிடித்துப் பூட்டுப் போட்டு விற்கிற அந்தக் கல்வி நிலையத்தின் தளம், யூன் ஐந்தாந் திகதி திறந்து கிடந்தது. எவரும் பார்க்கலாம், எவரும் இறக்கலாம். முகப்பில் ஒரே ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது: 'அமரர் கந்தையா நடேசு ஞாபகார்த்தமாக, மாணவர்களுக்கு இலவசம்.' மின்விசிறியின் இதழிலும் பஸ் தரிப்பிடத்துச் சுவரிலும் செத்தவர்களின் பேரை எழுதிவைக்கிற ஊரில் வளர்ந்தவன், பூட்டை உடைத்த இடத்திலும் தகப்பன் பேரை எழுதிவிட்டான். பொலிசாருக்கு அதற்குமேல் துப்புத் தேவைப்படவில்லை. கடையின் இணைய இணைப்பு முத்தலிப்பின் மகன் அஸ்பாக்கின் பேரில் இருந்ததால் அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"பொறுங்கோ மாமா. நீங்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லுறன், சரியோ எண்டு பாருங்கோ. ஐஞ்சாந் திகதி தம்பி வேலைக்குப் போகேல்லை. காய்ச்சலா வீட்டை கிடந்தவன். நான் பக்கத்திலை இருந்து கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான். கடையிலை நிண்டது அஸ்பாக் தனிய. அப்பிடியோ?... ஓம்... ஓம்... இதை லோயரே சொல்லச் சொன்னவர்?... ஆ. லோயருக்குத் தெரியாது. கோயில் சபை ஆக்கள் இருந்து யோசிச்சது. நீங்கள் செயலாளர், நீங்கள் எனக்கு எடுத்துச் சொல்லுறியள். விளங்குது.

இல்லை, கோவமில்லை... கோவமில்லை எண்டுறன்... சரி, ஒண்டு கேக்கிறன். அப்பாவின்ரை பேர் அங்கை என்னெண்டு வந்தது?... அதுதானே கேக்கிறன். முத்தலிப் நானாவின்ரை மகன் எங்கடை அப்பாவுக்கு ஞாபகார்த்தம் செய்தவனோ?... என்ன?... மாட்டிவிடுறதுக்கெண்டு வேணுமெண்டு போட்டவனோ!"

வசந்தினி சிரித்தாள். அது சிரிப்பைப்போல இருக்கவில்லை. குசினி வாசலில் நின்ற தாய் பூரணம் கலவரப்பட்டு எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அப்பா செத்துக் கனகாலத்துக்குப் பிறகுதான் தம்பி அந்தக் கடைக்கே போனவன். அப்பப்பாவின்ரை பேர் கந்தையா எண்டு அந்தப் பொடியனுக்குக் கனவிலையே வந்தது?... இல்லை, நீங்கள் சொல்லுங்கோ, சொல்லுங்கோ. பொலிஸ்காரன் இதைக் கேட்டால் என்ன சொல்லுறது? அதுக்கும் சபையிலை ஏதாவது யோசிச்சு வைச்சிருப்பியளே.

ஏன் போட்டவன் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அப்பா கொரோனாவிலை போனவர். ஆஸ்பத்திரியிலை இருந்து நேரை கொண்டுபோய் எரிச்சாங்கள். நானும் தம்பியும் றோட்டிலை நிண்டு வாகனத்தைப் பாத்தது. செத்த வீடெண்டு ஒண்டு நடக்கேல்லை, பறை அடிக்கேல்லை, ஒரு சனம் வரேல்லை. பேந்து தம்பி முதற் சம்பளத்திலை அப்பாவின்ரை பேர் எழுதி ஒரு சுவர் மணிக்கூடு கொண்டந்து கோயிலிலை தந்தவன். மணிக்கூடு கனக்கக் கிடக்கு, காணும், ஏலுமெண்டால் தண்ணி மோட்டர் ஒண்டு தா எண்டு திருப்பி அனுப்பினது ஆர்?... சபை முடிவு. ஓம், சபை முடிவுதான். உங்கடை அப்பாவின்ரை பேர் கோயில் தண்ணித் தாங்கியிலை கிடக்கு, நாலு பக்கமும்.

பிழைதான். நான் சரியெண்டு சொல்லேல்லையே? அடுத்தவன்ரை பூட்டை உடைச்சது பிழை. அதுக்கு வழக்கு வந்திருக்கு, அதை அவன் அனுபவிக்கட்டும். நான் அதுக்கு அழேல்லை. உந்தச் சனத்தைப் பாக்கத்தான் எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வருது... ஓம், சனம்தான்! முதல் நாலு நாளும் அந்த வரிக்குக் கீழை வந்து அழுததுகளைப் பாத்தனீங்களோ? 'ஐயாவின் ஆத்மா சாந்தியடையட்டும்'. 'ஓம் சாந்தி'. ஒராள் மலர்வளையம் ஒண்டு படமாப் போட்டிருந்தது. அப்பாவை ஆரெண்டே தெரியாது அதுகளுக்கு. ஆத்ம சாந்தி எண்டு எழுதிப்போட்டு அடுத்த நிமிசம் கணிதம் இறங்கேல்லை, ஆராவது லிங்க் அனுப்புங்கோ எண்டு கேக்குதுகள்... ஓம், நீங்களும் சிரிப்பியள், சிரியுங்கோ.

பொலிஸ் பிடிச்ச உடனை அதே வாய். 'கள்ளன்'. 'கையை முறிக்கவேணும்'. 'பெத்ததுகளைச் சொல்லவேணும்'. பெத்ததுகள் எண்டால் ஆர் மாமா? ஒரு கிழமைக்கு முந்தி சாந்தியடைஞ்சவர்தானே?

பொறுங்கோ... ஒரு நிமிசம்... படலையிலை ஆரோ நிக்கினம். வைக்காதேங்கோ."

கறுத்தச் சேட்டுப் போட்ட ஒருவர் படலைக்கு மேலால் கைபேசியை நீட்டிப் பிடித்தபடி நின்றார். கைபேசிக்குக் கீழே ஒலிவாங்கி ஒன்று பஞ்சுத் தொப்பியோடு தொங்கியது. வசந்தினி தன் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே படலையை நோக்கி நடந்தாள்.

"ஆர் நீங்கள்?... உதைக் கீழை விடும் முதல்... என்ன யூரியூப்?... ஒரு கருத்தும் இல்லை... என்ன, இப்ப என்ரை மனநிலையோ? என்ரை மனநிலை அந்தா பாத்தியிலை கிடக்கிற மண்வெட்டி. எடுத்துக்கொண்டு வரட்டோ?... அம்மாவைப் படம் பிடியாதையும். அவவின்ரை முகத்துக்கு நேரை உதைப் பிடிச்சால் நான் என்ன செய்வனெண்டு எனக்கே தெரியாது... போம். போம் ஐயா, போம்.

ஹலோ... ஓம் மாமா, ஆள் போயிட்டார். உவரை எனக்குத் தெரியும். போன கிழமை 'ஏழை மாணவரின் நாயகன்' எண்டு தம்பியின்ரை படத்தைப் போட்டுக் கத்தினவர் உவர்தான். இந்தக் கிழமை 'கோப்பாய்க் கள்ளனின் வீட்டு வாசலில்' எண்டு போடுவார். சேட்டுக்கூட மாத்தேல்லை.

ஓம், சொல்லுங்கோ... ஓம்... அதைத்தான் நானும் வாசிச்சனான். பேஸ்புக்கிலை ரெண்டு பேற்றை படமும் பக்கத்திலை பக்கத்திலை. ஒரே குற்றச்சாட்டு, ஒரே விலங்கு. எங்கடையாளுக்குக் கீழை 'பாவம், மூளைசாலிப் பிள்ளை, சேரக்கூடாததோடை சேந்து கெட்டுப்போச்சு'. அஸ்பாக்குக்குக் கீழை... என்ரை வாயாலை சொல்லேலாது மாமா, அவ்வளவு அரியண்டம். வந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பட்டாம். எங்கை அனுப்பிறது? தாய் பிறந்தது இஞ்சை, தகப்பன் பிறந்தது இஞ்சை. பொடியன் புத்தளத்து அகதி முகாமிலை பிறந்ததெண்டால் அது அவன்ரை குற்றமோ?

சனம் கதைக்கும் எண்டு சும்மா சொல்லாதேங்கோ. கதைச்சதோடை நிக்கேல்லை. முந்தநாள் முத்தலிப் நானாவின்ரை கடைக் கதவுக்குக் கழிவொயில் ஊத்தியிருக்கிறாங்கள்... உங்களுக்குத் தெரியுமோ?... தெரிஞ்சுகொண்டோ இதைச் சொல்லுறியள்?

தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் சனத்தை ஒருக்கா ஊரை விட்டு அனுப்பினதுதானே மாமா. நான் அப்ப பிறக்கேல்லை. நீங்கள் இளந்தாரி. சைக்கிளோடை சந்தியிலை நிண்டு பாத்தனீங்கள் எண்டு அம்மா சொல்லுறவ... ஓம், தெரியும். அப்ப ஒருத்தரும் வாய் திறக்கேலாது. திறந்தால் என்ன நடக்கும் எண்டு எனக்கும் தெரியும். நான் அதைக் கேக்கேல்லை. இப்ப ஆர் உங்கடை வாயைப் பொத்தினது? இப்ப ஒருத்தனும் துவக்கோடை நிக்கேல்லையே. நீங்களாத்தானே போன் எடுத்துச் சொல்லுறியள்.

...

ஓம். கேக்குது. நிக்கிறன்."

கதிரவேலு நீண்ட நேரம் பேசினார். வசந்தினி இடையிடையே "ம்" கொட்டினாள். கிணற்றடி வாழைக்குக் கீழே போய் நின்றாள். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது அவளுக்குத் தெரியும். தனோஜனுக்குத் தண்டனை கிடைத்தால் அரச வேலை கிடையாது, வெளிநாட்டு விசா கிடையாது. சின்னப் பொய், ஒரே ஒரு காய்ச்சல். இந்த வீட்டில் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை? பூரணம் ஈரக் கையோடு வந்து அவளுக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா, நீங்கள் உள்ளை போங்கோ... உங்களுக்கு ஆர் சொன்னது?... நேற்றே சொல்லிட்டாரோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?... கையைக் கீழை விடுங்கோ. அம்மா! பெத்த பிள்ளையைக் கும்பிடாதேங்கோ, சொல்லிட்டன்.

மாமா, அம்மாவும் அதைத்தான் சொல்லுறா. உங்களுக்குச் சந்தோசமா இருக்கும், எனக்கு முன்னாலை நிண்டு கும்பிடுறா... ஓம்... ஓம் மாமா, சொல்லலாம். சொல்லுறது பெரிய வேலையில்லை. நாளைக்குப் போய் ஒரு சொல்லுச் சொன்னால் தம்பி வீட்டை வந்திடுவான். நானும் இரவிலை படுத்துக்கொண்டு உதை யோசிக்காமல் இல்லை...

இல்லை, இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. பொறுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தம்பியை மறியலிலை பாக்கப் போனது தெரியுந்தானே?... வெய்யில். வரிசை றோட்டு வரைக்கும். அஸ்பாக்கின்ரை தாய் றஷீதா அக்காவும் நிண்டவ. தன்ரை குடையை அம்மாவின்ரை தலைக்கு மேலை பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அவவுக்குத் தெரியும் மாமா, ஆர் செய்ததெண்டு. அந்த வரியை அவவும் வாசிச்சவதானே. 'உங்கடை மகனாலை என்ரை பிள்ளை உள்ளை' எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அம்மாவுக்குப் பிரஷர் குளுசை போட்டாச்சோ எண்டு கேட்டவ. அம்மா, நான் பொய்யே சொல்லுறன்? சொல்லுங்கோ... பாத்தியளே, இப்ப முந்தானையாலை முகத்தைத் துடைக்கிறா.

தம்பி கம்பிக்கு அங்காலை வந்து நிண்டான். முதற் சொல்லு என்ன தெரியுமோ? சாப்பாடு இல்லை, நுளம்பு கடிக்குது எண்டு ஒண்டும் சொல்லேல்லை. 'அக்கா, அஸ்பாக்குக்கு ஒண்டும் தெரியாது. அவன் முன்னுக்கு நிண்டு ஆரின்ரையோ போனுக்குக் கண்ணாடி மாத்திக்கொண்டு இருந்தவன். அவனை முதல் வெளியிலை எடுக்கச் சொல்லுங்கோ' எண்டவன்... ஓம், இதே சொல்லு. லோயருக்கும் சொன்னவனாம்... இல்லை, விசர் இல்லை. அவனுக்கு அறிவு இல்லையெண்டு சொல்லுங்கோ, ஓம். மானம் இல்லையெண்டு சொல்லாதேங்கோ.

...

மாமா, சாருஜா என்ன செய்யிறாள்?... சும்மா கேக்கிறன். படிக்கிறாளோ?... நல்லது. எதைப் பாத்துப் படிக்கிறாள்?... ஏன் உடனை கொதிக்கிறியள், மாமன்ரை பிள்ளையின்ரை படிப்பை நான் கேக்கக்கூடாதோ?

ஆறாந் திகதி பின்னேரம் நீங்கள் பென்டிரைவோடை வந்தனீங்கள். உந்தக் குசினி வாசல்லை கதிரையிலை இருந்தனீங்கள். நான்தான் பிளேன்ரீ தந்தனான். 'சாருஜாவுக்கு இரசாயனவியல் இறங்கிட்டுது, பௌதிகவியல் பாதியிலை நிக்குது, தம்பியை ஒருக்காப் பாக்கச் சொல்லு' எண்டனீங்கள். தம்பி வேலையாலை வந்து, முகமும் கழுவாமல் இறக்கித் தந்தவன். நீங்கள் அவன்ரை முதுகிலை தட்டி, 'மருமகன் எண்டால் உப்பிடி இருக்கவேணும், மச்சானின்ரை பேரை ஊருக்கே காட்டிப்போட்டான்' எண்டனீங்கள். சொன்னனீங்களோ இல்லையோ?

...

என்ன?... கத்தாதேங்கோ, ஆறுதலாச் சொல்லுங்கோ.

பொலிஸ் என்னத்தை எடுத்ததாம்?... ஆர் ஆர் இறக்கினதெண்டு... ஓ. எல்லா நம்பரும் கிடக்காமோ... ஓ... ஓ. இப்பதான் விளங்குது மாமா. அஸ்பாக்கோடை வழக்கு முடிஞ்சால் பொலிஸ் ரவுணிலையே நிண்டிடும். கோப்பாய்ப் பக்கம் ஒருத்தரும் வராயினம். சபையிலை எத்தினை பேற்றை பிள்ளையள் இறக்கினது?... எல்லாற்றையுமோ? தலைவற்றை பேரனுமோ?... அப்ப தம்பிக்கில்லை காய்ச்சல். சபைக்கு முழுக்கக் காய்ச்சல்.

சீ!... இல்லை, நான் மரியாதையாத்தான் கதைக்கிறன். என்ரை மாமாவெண்டபடியால்தான் சீ எண்டதோடை நிப்பாட்டினனான்.

ஏன் மாமா, வந்து 'பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு, சாருஜாவின்ரை பேர் வெளியிலை வந்திடும்' எண்டு சொல்லியிருந்தால் நான் உங்களோடை சேந்து அழுதிருப்பன். அதைச் சொல்லேல்லை. குலம், கோயில், எங்கடை ஆக்கள், அவங்கடை ஆக்கள் எண்டு அரை மணித்தியாலமாச் சுத்திக்கொண்டு வாறியள். அம்மாவை வேறை கும்பிடப் பண்ணிப்போட்டியள்.

...

என்ன?... திருப்பிச் சொல்லுங்கோ, அம்மாவும் கேக்கட்டும். ஸ்பீக்கரிலை போடட்டோ?... அப்ப போடேல்லை. சொல்லுங்கோ... காய்ச்சலெண்டு சொல்லாட்டில் பிணைக்கு வரமாட்டியள்... ஓம்... வேலைக்குப் பிரச்சினை வருமெண்டு... ஓம், பென்சன் கிட்ட வந்திட்டுது... விளங்குது. கள்ளன்ரை வீட்டோடை அரச உத்தியோகத்தருக்கு என்ன தொடர்பு எண்டு கேப்பினம். ஓம்.

எங்களுக்கு வேறை அரச உத்தியோகத்தர் ஒருத்தரையும் தெரியாதெண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும். சங்கக்கடை வேலை அதுக்குள்ளை வராது. கேட்டுத்தான் பாப்பன். முந்தி அந்த வரிக்குக் கீழை ஆத்ம சாந்தி எழுதின பள்ளிக்கூட மாஸ்ரர்மாரிட்டைக் கேக்கிறன், வாறினமோ எண்டு... இல்லை, நக்கல் இல்லை. உண்மையாத்தான் கேக்கப்போறன்.

அம்மா, அழாதேங்கோ. அழாதேங்கோ அம்மா. கொஞ்சம் பேசாமல் இருங்கோ, நான் கதைச்சு முடிக்கிறன்.

மாமா, நாளைக்கு நான் பொலிசுக்குப் போறன். ஓம், வாக்குமூலம் குடுக்கத்தான். தம்பி ஐஞ்சாந் திகதி காலமை புட்டும் சம்பலும் சாப்பிட்டிட்டு, வழமைபோலை சைக்கிளெடுத்து வேலைக்குப் போனவன் எண்டு சொல்லுவன். காய்ச்சலோ எண்டு கேட்டால் இல்லையெண்டு சொல்லுவன்... யோசிச்சுத்தான் சொல்லுறன்... சாருஜாவைப் பற்றி நானா ஒண்டும் சொல்லமாட்டன். அவள் பாவம், அவள் என்ன செய்தவள்... கேட்டால்?... கேட்டால் பொய் சொல்லமாட்டன்.

ஓம், தம்பியை நான்தான் உள்ளை தள்ளுறன் எண்டு சொல்லுங்கோ. ஊரெல்லாம் சொல்லுங்கோ. பேஸ்புக்கிலையும் போடுங்கோ, உங்களுக்கும் நாலு பேர் வந்து... ஹலோ?... மாமா?... ஹலோ."

கதிரவேலு வைத்துவிட்டார்.

யூன் 27ஆம் திகதி பொலிஸ் நிலையத்தில் வசந்தினியின் வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது. யூலை முதலாந் திகதி வழக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, அரச உத்தியோகத்தர் ஒருவர் உட்பட இருவரின் சரீரப் பிணையில் செல்ல நீதவான் இரண்டு இளைஞர்களுக்கும் அனுமதி வழங்கினார். அஸ்பாக்கின் பிணையாளிகள் இருவரும் கையெழுத்திட்டார்கள். அவர் பிற்பகலில் தாயோடு வீட்டுக்குப் போனார். தனோஜனுக்காக பெர்னடெட் மட்டுமே வந்திருந்தார். தனோஜன் சிறைச்சாலை பஸ்ஸில் திரும்ப ஏற்றப்பட்டார்.